என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்ட துப்பாக்கி

என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த வாரத்திலேயே, அவருக்கு அடுத்து வார்டு தலைவராகப் போடப்பட்டவரின் மனைவி என்னைத் தேடி வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்தாள். சுற்றி வளைக்காமல் பர்மிய மொழியில் கேட்டாள்.

"அக்கா, ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா? எங்க வீட்டுக்காரர் நாளைக்குள்ள ஆபீஸ்ல சொல்லணுமாம்."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உட்காரச் சொல்லி, எங்களுக்கு நடந்ததை முழுக்கச் சொன்னேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில், மூன்றாம் மாடியில் இருந்தோம். அவர் மிஷன் பள்ளியில் படித்தவர். கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாள ஆட்சிக்கு வேலை செய்கிறாரென்று, முன்பிருந்த வார்டு தலைவரை அந்த ஆட்சியை எதிர்க்கிறவர்கள் டீக்கடையில் வைத்துப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. டவுன்ஷிப் அலுவலகத்திலிருந்து இவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். வயதாகிவிட்டது, முடியாது என்று இவர் சொன்னாராம். அங்கிருந்த அதிகாரி, "உங்க மருமகனுக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டாராம். பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. இவர் சரியென்று சொல்லிவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளில் அதே அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த பிளாஸ்டிக் துணியின்மேல் இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். ஒன்று உருளை வைத்த ரிவால்வர். மற்றது தட்டையான பிஸ்டல்.

"அங்கிள், இது மெலிசு. சட்டைக்குள்ள வச்சா தெரியாது. குண்டும் கூடப் பிடிக்கும்" என்று பிஸ்டலைக் காட்டினார். அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் முதல் குண்டு ஏறும். என் வீட்டுக்காரருக்கு மூட்டுவாதம். கட்டைவிரல் மடங்காது. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பாதியில் வழுக்கிவிட்டது. அதிகாரி சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார்.

"அன்ட்டி, நீங்க இழுங்க."

தினம் பரோட்டா மாவு பிசைந்த கை. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரிவால்வரில் அந்தத் தொந்தரவு இல்லை. குண்டை உருளையில் போட்டு மூடி வைத்தால் போதும். ஒரு குண்டு வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்தலாம். ஆனால் விசை கெட்டி, உருளை புடைத்துக்கொண்டு நிற்கும், குண்டும் ஆறுதான்.

"ஆறுக்கு மேல சுடுற நெலம வந்தா நான் உசிரோடயா இருக்கப் போறேன்?" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, ரிவால்வரை எடுத்துக்கொண்டார்.

அதை எங்கே வைப்பது என்பது பெரிய பாடாகிவிட்டது. லுங்கி முடிச்சு அந்தக் கனத்தைத் தாங்காது. லுங்கிக்குள் பெல்ட் கட்டிப் பார்த்தார். உருளை சட்டையை முட்டிக்கொண்டு நின்றது. அரைக்கால் சட்டையில் உறை மாதிரி தைத்துக் கொடுத்தேன். எடுக்க வேண்டுமென்றால் முதலில் லுங்கியை அவிழ்க்க வேண்டும்.

"சுட வர்றவன்கிட்ட, கொஞ்சம் பொறுங்கப்பா, லுங்கிய அவுத்துக்கறேன்னு சொல்லவா?" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். அதன் பிறகு அந்த வீட்டில் சேர்ந்து சிரித்ததாக ஞாபகமில்லை.

கடைசியில் தோள்பையில் போட்டு ஜிப்பை மூடிக்கொண்டார். எவ்வளவுதான் மறைத்தாலும் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் உட்கார்ந்தால் டீக்கடையில் பக்கத்து ஸ்டூல்கள் காலியாயின. தன்லியினில் இருந்த மகள் வீட்டுக்குப் போனோம். மகள் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, அத வச்சுக்கிட்டுப் புள்ளயத் தூக்காதீங்க."

"வீட்ல வச்சுட்டு வந்தா யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்கம்மா."

"அப்ப நீங்க வராதீங்கப்பா."

சொல்லிவிட்டு அவளே அழுதாள். இவர் பேரனைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் இல்லை. எங்கள் படிக்கட்டு பகலிலும் இருட்டு. இவர் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ தடதடவென்று ஏறி வந்திருக்கிறார்கள். கத்தல் கேட்டு நான் கதவைத் திறந்தேன். இவர் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தார். எதிரே நான்காம் மாடிக்காரர், இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நின்றார். பேட்டரி அவர் கையை விட்டு நழுவிப் படிகளில் உருண்டது. அதை எடுக்கக்கூட நிற்காமல் அவர் மேலே ஓடினார்.

"பாதி அழுத்திட்டேன். வெச கெட்டியா இருந்ததால நின்னுச்சு. அந்தப் பிஸ்டலா இருந்தா அந்த ஆளு போயிருப்பான்" என்றார். அன்று அவர் சோறு தொடவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், துப்பாக்கியும் வேண்டாம் பதவியும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வேண்டுமானால் பிஸ்டலாக மாற்றிக்கொள்ளலாம், சும்மா போக முடியாது என்றார்களாம். நான்காம் மாடிக்காரர் அந்த வாரமே குடும்பத்தோடு வீடு மாறிவிட்டார்.

மழை விட்ட ஒரு காலையில், மூக்குக் கண்ணாடியின் காம்பு உடைந்ததென்று கடைக்குப் போனார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இரண்டு பேர் பின்னாலிருந்து வந்து சுட்டார்கள். பூ விற்கிற அம்மா பார்த்திருக்கிறாள். அவர் திரும்பக்கூட இல்லையாம். பையின் வாரை அறுத்து எடுத்துக்கொண்டு, அவர்கள் நடந்தே போனார்களாம்.

ஆஸ்பத்திரியில் அவர் முகத்தை நான் பார்ப்பதற்கு முன்பே பட்டாளத்துக்காரர்கள் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

"அரசாங்கத் துப்பாக்கி எங்க?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"யாருக்காவது கொடுத்தாரா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

வீட்டைச் சோதித்தார்கள். அரிசி டின்னைத் தரையில் கொட்டிக் கிளறினார்கள். உறை தைத்த அரைக்கால் சட்டை கிடைத்தது. யார் தைத்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். என்னை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய், சாயங்காலம் வரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் உடம்பு அங்கே, நான் இங்கே. அவர் எப்படி இருந்தார், வலியில் ஏதாவது சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியின் நம்பரை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினார்கள்.

அடக்கத்துக்குச் சர்ச்சிலிருந்து ஃபாதர் வந்தார். தெருவிலிருந்து யாரும் வரவில்லை. வந்தால் ஒரு தரப்பு பார்க்கும், வராவிட்டால் இன்னொரு தரப்பு பார்க்கும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பெட்டியைத் தூக்க ஆள் போதாமல், காசு வாங்காமல் பிணம் எடுத்துப் போகிற தர்ம வண்டியில் வந்தவர்களே தூக்கினார்கள்.

இப்போது நான் தன்லியினில் மகளோடு இருக்கிறேன். வாழைப்பழத்தோடு வந்தவளின் வீட்டுக்காரர் எந்தத் துப்பாக்கியை எடுத்தாரென்று எனக்குத் தெரியாது. மாமனார் போன பிறகு பட்டாளத்துக்குப் பிடித்துவிடுவார்கள் என்று மருமகன் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டான். எப்போதாவது போன் வரும். மகள் விடியற்காலையில் ஃபாக்டரி பஸ் ஏறுகிறாள். நான் பேரனைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறேன். தாத்தா எங்கே என்று கேட்கிற வயது அவனுக்கு இன்னும் வரவில்லை.