ராஜகிரிக்கு மேலே நின்ற விமானம்

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது நான் கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குண்டு விழுந்ததெல்லாம் எங்கோ வடக்கே. ஆனால் அடுத்த குண்டு எங்கள் தெருவுக்குத்தான் என்பதில் என் வீட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அவர். தெருப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று முளைத்ததும் அதற்குச் செயலாளர் ஆனார். ரைஸ் மில் முதலாளி தலைவர். ஆபீஸில் பியூனைக்கூட அதட்ட முடியாத மனுஷன் கையில் ஒரு விசில் கிடைத்தால் கேட்க வேண்டுமா? புஜத்தில் கட்டச் சிவப்புப் பட்டை வேறு. அதைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தவர் அடுத்த வீட்டுத் தையல்கார பாய்.

கமிட்டி போட்ட முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அடுப்ப அணை! ப்ளேன் வந்துட்டுது. ராஜகிரிக்கு மேல நகராம நின்னு வேவு பாக்குது."

கொல்லைப்பக்கம் போய்க் கோட்டை மலைக்கு மேலே பார்த்தேன். "அது வெள்ளிங்க. தெனம் பாத்திரம் தேய்க்கும்போது பாக்கறேனே."

"வெள்ளி காலைலதான் வரும். விடிவெள்ளின்னு பேரே இருக்குது. சாயங்காலம் அதுக்கு இங்க இன்னா வேலை?"

வெள்ளிக்கும் சர்க்கார் டூட்டி நேரம் போட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார். அரைவேக்காட்டுச் சோற்றோடு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மலைக்குப் பின்னால் இறங்கியது. "கோட்டைல எறங்கிட்டான்!" என்று தெருவில் ஒரே கூச்சல்.

மறுநாள் கமிட்டி தடிகளோடு கோட்டை ஏறியது. தலைவர் பாதி வழியில் நிழல் பார்த்து உட்கார்ந்து, அங்கிருந்தே உத்தரவு போட்டாராம். மேலே போனவர்கள் கண்ட எதிரி குரங்குகள்தான். நான் கட்டிக் கொடுத்த புளிசாதத்தை அவைதான் சாப்பிட்டன.

அன்று சாயங்காலமும் வெளிச்சம் அங்கேயே நின்றது. கமிட்டி விசில் ஊதியது. வெளிச்சம் மலைக்குப் பின்னால் போனதும், "விரட்டிட்டோம்" என்று வீட்டுக்காரர் வந்து சாப்பிட்டார். அதற்கப்புறம் தினமும் விரட்டினார்கள்.

சண்டை நின்றதாக ரேடியோவில் சொன்னார்கள். கமிட்டி நிற்கவில்லை. அமாவாசை கழிந்து ஓரிரு நாள் மேகம் போட்டிருந்து, பிறகு ஒரு சாயங்காலம் வானம் தெளிந்தது. பாய் மாதாமாதம் செய்கிறபடி பிறை பார்க்க மாடி ஏறி, தன் சம்சாரத்துக்குக் கையை நீட்டிக் காட்டினார். வெள்ளிக்குப் பக்கத்திலேயே பிறை. அத்தனை அழகு.

கமிட்டிக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. பாயைத் தெருவுக்குக் கூப்பிட்டார்கள்.

"மாடில நின்னுகினு யாருக்குக் கை காட்டினே?" என்றார் தலைவர்.

"பிறையக் காட்டினேங்க, என் சம்சாரத்துக்கு."

"பிறையும் நட்சத்திரமும் ஒண்ணா நிக்குதே, அவன் கொடி மாதிரி. இது உனக்குத் தெரியாம வந்துச்சா?"

பாய் வானத்தைப் பார்த்தார். அவர் தைத்த பட்டையைக் கட்டிக்கொண்டு தலைவர் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "வேணும்னா விசில் ஊதிப் பாருங்க," என்றார்.

வாசலுக்கு வந்து, "நானுந்தான் பிறை பார்த்தேன். என்னையும் விசாரிங்க," என்றேன். எங்கள் தெருவில் ஒரு மருமகள் அப்படிக் குரல் எடுத்ததில்லை. தலைவர் திரும்பினார். அங்கே அவர் சம்சாரமே வீட்டு வாசலில் நின்று, அதே பிறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கூடவே நாலைந்து பெண்கள். மில்லில் வேலை இருப்பது ஞாபகம் வந்து தலைவர் கிளம்பிவிட்டார். யாரும் பாயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கமிட்டி அப்புறம் கூடவில்லை.

வீட்டில் அன்றைக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். "ஆர்டர் போட்டது தலைவரு. நான் இன்னா செய்யறது?" என்றார் அவர். மறுநாள் ஆபீஸில், அது வெள்ளி என்று முதலிலேயே கண்டுபிடித்தவர் தாம்தான் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதப் பிறைக்கு பாய் மாடி ஏறவில்லை. நடுத்தெருவில் நின்று பார்த்தார்.

"இன்னாக்கா, மாடிக்குப் போகலையா?" என்று அவர் சம்சாரத்திடம் கேட்டேன்.

"இங்க நின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க இல்ல," என்றார் அக்கா.

அதற்குள் என் வீட்டுக்காரர் இறங்கிவந்து பாய் பக்கத்தில் நின்றுகொண்டு, மலைப்பக்கம் விரலை நீட்டினார்.

"அதோ தெரியுது பாருங்க பாய், அதுக்குப் பேரு வெள்ளி. சாயங்காலத்துலயும் வரும்."

"அப்டீங்களா," என்றார் பாய்.