அவர் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிய வருடம்

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் இருந்தோம். முன்னால் வேம்பு, பின்னால் பலா, நடுவில் நாங்கள் இரண்டு பேர். என் கணவருக்கு சுரங்கத்தில் வேலை. ஒரே மகன் சென்னையில் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான். கல்யாணமாகி வந்த புதிதில் எப்படித் தனியாக இருந்தோமோ, அப்படி மறுபடியும் வீடு எங்களுக்கே எங்களுக்கு என்று ஆகியிருந்தது.

டவுன்ஷிப் பெண்களுக்கு நேரம் என்றால் அது வீட்டுக்காரரின் ஷிப்ட்தான். சமையல், தூக்கம், கோயில், சினிமா எல்லாம் அதைப் பார்த்துத்தான். எனக்குப் பிடித்தது ஃபர்ஸ்ட் ஷிப்ட். விடியும் முன் டப்பா கட்டி அனுப்பிவிட்டால், மதியம் ஷிப்ட் பஸ் வந்து தெருமுனையில் நிற்கும். காது மடல் வரைக்கும் பழுப்பு நிலக்கரித் தூசியோடு இறங்கி வருவார். குளித்து, சாப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். பேச்சு பேச்சாகவே நின்றுவிடாத மதியங்களும் உண்டு. வளர்ந்த பிள்ளைக்கு அம்மாவானவள் இதையெல்லாம் எழுதலாமா என்றால், எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வருடம்தான் எனக்கு மாதவிலக்கு தாறுமாறாக ஆனது. இரண்டு மாதம் வராது, பிறகு வந்தால் நிற்காது. அது நிற்கப்போகிற வயது என்று தெரியும், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் கூடவே இன்னொன்று வந்தது. பிறப்புறுப்பில் ஒரு வறட்சி. முதலில் லேசான அரிப்பு, அப்புறம் எரிச்சல், அப்புறம் உட்கார்ந்தால், நடந்தால், ஒன்றுக்குப் போனால் எல்லாவற்றுக்கும் ஒரு காந்தல். இப்படி ஒன்று வரும் என்று என் அம்மாவும் சொன்னதில்லை, அக்காக்களும் சொன்னதில்லை. பெரியவளானபோது பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட்டவர்கள், இந்த வயதுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

எங்கள் டவுன்ஷிப்பில் எந்த உபாதைக்கும் காரணம் தயாராக இருக்கும். ஒன்று சூடு, இல்லாவிட்டால் தூசி. முடி கொட்டினாலும் அதுதான், இருமினாலும் அதுதான். நானும் அந்த வழியிலேயே போனேன். முதலில் சூடு என்று முடிவு கட்டி மோரும் வெந்தயமுமாகக் குடித்தேன், வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தணியவில்லை. அப்படியானால் தூசிதான் என்று தோன்றியது. அவருடைய யூனிஃபாரத்தையும் என் உள்ளாடைகளையும் ஒரே பக்கெட்டில்தான் ஊறவைப்பேன். அன்றைக்கே அவர் துணிக்கு என்று தனி பக்கெட் வாங்கி வைத்தேன். அதோடு விட்டேனா? காயத்தைக் கழுவுகிற ஆண்டிசெப்டிக் மருந்தைத் தண்ணீரில் கலந்து காலையும் மாலையும் கழுவினேன். சோப்பும் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எரிந்தது. எரிய எரியத் தேய்த்தேன்.

இதற்கு நடுவில் ஒரு மதியம் அவர் பாயை விரித்தார். பல்லைக் கடித்துப் பார்த்தேன். புண்ணில் உப்பு வைத்த மாதிரி இருந்தது, என்னையறியாமல் அவர் கையைத் தள்ளிவிட்டேன். அவர் எழுந்து வேம்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாளிலிருந்து காரணம் தேட ஆரம்பித்தேன். தலைவலி, துணி துவைக்கணும், அரிசி புடைக்கணும். வெள்ளி விரதம், கிருத்திகை விரதம், சஷ்டி விரதம். அந்த வருடம் நான் இருந்த விரதங்களைப் பார்த்து சாமிக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று இப்போது யாரும் கேட்கலாம். மகனுக்கு ஜுரம், மாமியாருக்கு ஆபரேஷன், நிலம் விற்றது, எல்லாம் பேசுகிற எங்களுக்கு இதைச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. மேலும் எனக்குள் ஒரு பயம். எனக்கு வயதாகிவிட்டது, என் உடம்பு முடிந்துவிட்டது என்று நானே அவர் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே என்று.

அப்புறம் அவரும் மாற ஆரம்பித்தார். சுரங்கத்திலேயே குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு, எந்தப் புண்ணியவானும் விரும்பாத நைட் ஷிப்டை, கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டார். நான் கேட்டதற்கு, அவங்களுக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கு, நமக்கென்ன என்றார். காலையில் நான் எழுந்து வேலையைப் பார்க்கும்போது அவர் வந்து படுப்பார். அவர் எழும்போது நான் கோயிலில் இருப்பேன். உண்மையைச் சொன்னால் முதல் வாரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் ஒரு பொழுது அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன். இந்த மனுஷனுக்கு நான் சலித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு அக்கா இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். அவரைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால், எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது கொதிக்கும் முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்தது தெருக்கோடி வரை போய்ச் சேரும். அவரைக் கண்டால் நான் பாதி பேச்சோடு வீட்டுக்குள் போய்விடுவேன். ஒரு நாள் காய்கறி வாங்க வடலூர் பஸ்ஸில் ஏறினால், அவரும் இருந்தார். பக்கத்தில் இடம் இருக்கு என்று தட்டிக் காட்டினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றே வந்தேன். உட்கார்ந்தால் ஒவ்வொரு குலுங்கலுக்கும் உயிர் போய்விட்டு வரும்.

வடலூரில் இறங்கியதும் அவர் மார்க்கெட் பக்கம் போகவில்லை. என் கையைப் பிடித்து ஒரு மரத்தடிக்கு இழுத்துப்போனார்.

"எரியுதோ?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னதுக்கா?" என்றேன்.

"உன் வீட்டுப் பாத்ரூம் தண்ணி என் வீட்டுப் பின்னாடிதான போகுது. ரெண்டு வேளையும் ஆஸ்பத்திரி வாசம் வருது. பஸ்ஸுல சீட்டு இருந்தும் உக்கார மாட்டேங்குற. எனக்கும் உன் வயசுல வந்துச்சும்மா. நானும் அந்த மருந்த ஊத்தி ஊத்தி வெந்து போய்க் கெடந்தேன்."

அவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த மரத்தடியில் கண்ணீராக வந்தது. காய்கறிப் பையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகை அடங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "யாருகிட்டயும் சொல்லிட மாட்டீங்களே அக்கா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போக நான் பயந்ததற்குக் காரணம் வைத்தியம் இல்லை, வரிசைதான். அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள். எந்த பிளாக், எந்த மைன்ஸ், என்ன உடம்புக்கு என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் யாரும் யாரையும் விடமாட்டார்கள். அன்றைக்கும் போய் உட்கார்ந்ததும் ஒரு அம்மா என் பக்கம் திரும்பினார். அவர் வீட்டுக்காரரும் என் கணவரும் ஒரே செக்‌ஷன்.

என் பக்கத்து வீட்டு அக்கா சட்டென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத்தாம்மா முடியல. முட்டி. இவதான் தொணைக்கு வந்திருக்கா" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. முட்டி எப்போது வலிக்கும், எந்தப் பக்கம் வலிக்கும், மாடிப்படி ஏறினால் எப்படி, பூப்பறிக்கக் குனிந்தால் எப்படி. அந்த வரிசையே திரும்பி உட்கார்ந்து கேட்டது. ஆளாளுக்கு ஒரு தைலம் சொன்னார்கள். முட்டிவலிக்கு லேடி டாக்டர் எதுக்குங்க என்று ஒருத்தர் கேட்டே விட்டார். "எல்லாம் ஒரே உடம்புதானம்மா" என்றார் அக்கா, முகம் மாறாமல். முந்தின நாள்தான் அவர் வடகம் காயப்போட மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியதை நான் பார்த்திருந்தேன். என்னைக் கூப்பிட்டதும் அவரும் நொண்டிக்கொண்டே கதவுவரை வந்து, என்னை உள்ளே தள்ளிவிட்டு வாசலில் நின்றுகொண்டார். எந்த வாய்க்குப் பயந்து வருடக்கணக்காக ஒதுங்கிப் போனேனோ, அந்த வாய்தான் அன்றைக்கு என் மானத்துக்குக் குடை பிடித்தது.

டாக்டர் பொறுமையாகப் பரிசோதித்தார். சர்க்கரைக்கும் சிறுநீருக்கும் டெஸ்ட் எழுதினார். அதில் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தூசியும் இல்லை, சூடும் இல்லை என்றார். மாதவிலக்கு நிற்கப்போகிற காலத்தில் உடம்பில் ஒரு ஹார்மோன் குறையும், அதனால் அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டு போகும், நிறையப் பெண்களுக்கு வருவதுதான் என்று சொன்னார். சோப்பையும் ஆண்டிசெப்டிக்கையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். வெறும் தண்ணீர் போதுமாம். உள்ளே தடவ ஒரு கிரீம், கணவரோடு சேர்ந்திருக்கும்போது வலிக்காமல் இருக்க ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் சரியாகவில்லையே என்று விட்டுவிடக் கூடாது, சில வாரங்கள் பிடிக்கும் என்றார். கடைசியில், "வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "சொல்லுங்கம்மா. அவரா என்னத்தையாவது நினைச்சுக்கிட்டு இருப்பாரு" என்றார்.

சொல்லவேண்டும் என்று முடிவு செய்தபிறகும் ஒரு வாரம் ஓட்டினேன். எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது, தைரியம் மட்டும் வரவில்லை. அவருக்கு வார லீவு வந்த ஒரு காலையில், பின்பக்கத்துப் பலா பழுத்து மணம் ஊரைக் கூட்டியது. இறக்கி, சாக்கை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிளக்க உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். எத்தனை எண்ணெய் தடவினாலும் அந்தப் பால் ஒட்டத்தான் செய்யும். கை இரண்டும் பிசுபிசுத்துக் கிடக்கிற ஆள் எழுந்து ஓட முடியாது, இதுதான் சமயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேங்க" என்றேன்.

அவர் கத்தி நின்றது. "என்னா? கட்டியா?" அவருடன் கூடப்பிறந்த அக்கா ஒருவர் கட்டி வந்துதான் இறந்தார். முகம் வெளுத்துப்போனது.

அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு, பலாச்சுளையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வறட்சி, எரிச்சல், விரதம், பக்கெட், வடலூர் மரத்தடி, கிரீம், ஜெல் எல்லாம். சொல்லி முடித்து நிமிர்ந்தால், மனுஷன் கண் கலங்கியிருந்தது.

"அப்ப எம்மேல ஒண்ணும் இல்லியா?" என்றார்.

"உங்க மேல என்னா?"

"எந்துணிய தனி பக்கெட்டுல போட்டப்பவே நெனச்சேன். கையத் தட்டிவுட்டப்ப முடிவே பண்ணிட்டேன். இவ்ளோ வருசமா அந்தத் தூசியோட வந்து நின்னுக்கினு இருந்தேன், பாவம் அருவருப்பா இருந்தாலும் வாயத் தெறந்து சொல்லல, இப்பத்தான் முடியாம ஒதுங்குறான்னு நெனச்சிக்கினேன். அதான் அங்கியே குளிச்சிட்டு வந்தேன். அப்பவும் நீ தள்ளித் தள்ளிப் போன. சரி, தொந்தரவு பண்ண வேணாம்னுதான் நைட் ஷிப்ட் மாத்திக்கினேன்."

நான் பாதி தூக்கத்தில் புரண்டு அவர் இல்லையே என்று வெறும் பாயைத் தொட்டுப் பார்த்த வாரங்களில், இவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சுரங்கத்தில் கண்விழித்திருக்கிறார். தூசியாம், அருவருப்பாம். அந்தத் தூசி இறங்கி வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அதை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன், அழுதுகொண்டே. கண்ணைத் துடைத்துவிட அவர் கை தூக்கினார், கையெல்லாம் பால். பிறகு முழங்கையால் துடைத்தார். அதிலும் கொஞ்சம் ஒட்டி, என் முன்நெற்றி முடியில் சிக்கி, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

"அந்தக்காவுக்கு நல்ல சொளையாப் பாத்து எடுத்து வையி" என்றார்.

அடுத்த மாதம் அவர் பழையபடி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வந்தார். வறட்சி ஒரேயடியாகப் போய்விடவில்லை. கிரீமை டாக்டர் சொன்னபடி விட்டு விட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கு முடியாது என்றால் முடியாது என்று சொல்லவும், இன்றைக்குப் பரவாயில்லை என்றால் அதைச் சொல்லவும் எங்களுக்கு வாய் வந்துவிட்டது. பாயில் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசும் மதியங்கள் திரும்பின. பேச்சு பேச்சாகவே நின்றாலும் குறையாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா அந்த விஷயத்தை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவர் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போகிற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் யார் எதிர்ப்பட்டாலும் ஒரு தடவை நொண்டிக் காட்டினார். போன வருடம் என் கணவரும் ரிட்டயர் ஆக, நாங்களும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரில் கட்டிய சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே ஷிப்ட் கிடையாது, அவர் நாள் முழுக்க வீட்டில்தான். கூடத்தில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிப்பவரைப் பார்க்கும்போது சில சமயம் எனக்குத் திக்கென்று இருக்கும். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால், ஒரே வீட்டில் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாத இரண்டு நல்ல மனிதர்களாகவே நாங்கள் கிழடாகிப் போயிருப்போம்.