மவுசுக்கு அடியில் இருந்த கடிகாரம்

அந்த மருத்துவமனையின் கணினி அறையைப் பார்த்துக்கொண்டவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் பூட்டு. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். "ஒரு நாள் கதவே கையோட வந்துடப்போகுது" என்பாள் மனைவி.

பக்கத்து ஊர் மருத்துவமனையின் கோப்புகளை யாரோ திருடி முடக்கிவிட்ட செய்தி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நியாயமான பயம்தான். இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் வார்டுக் கணினிகள் தாமே பூட்டிக்கொள்ளும்படி செய்தார். திறக்கப் பன்னிரண்டு எழுத்தில் ஒரு கடவுச்சொல்.

ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ் மூன்று கடிதம் எழுதினார். நேரிலும் வந்தார்.

"தம்பி, நாப்பது கட்டிலுக்கு ஒரு கம்ப்யூட்டர். ரத்தமும் சீழுமா கையுறையை எத்தனை தடவைதான் கழட்டி மாட்டுறது? அடையாள அட்டையைக் காட்டினா தொறக்குற மாதிரி ஏதாவது பண்ணிக் குடேன்."

"திருடன் உங்க கையுறையைப் பாத்துத்தான் வருவானா?"

"நோயாளியும் உன் பூட்டைப் பாத்து வர்றதில்லையே!"

மூன்று கடிதத்துக்கும் பூட்டு ஒரே வரியில் பதில் போட்டார்: பாதுகாப்பில் சமரசம் இல்லை. அந்த வரி அவருக்கே பிடித்திருந்தது. அதன்பின் அந்த வார்டிலிருந்து புகார் வரவில்லை. வழிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

ஒரு பகல், பதினொன்றாம் கட்டிலில் இருந்த தச்சர் இறந்துபோனார். காலில் ஆணி குத்திய புண்ணோடு வந்தவர். ஒரு மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சேரும்போதே சொல்லியிருந்தார். இளைய நர்ஸ் ஒருத்தி அதைப் பதியவும் செய்தாள். ஆனால் திரையில் திறந்து கிடந்தது ஒன்பதாம் கட்டிலின் பக்கம். மேலே இருந்த நோயாளியின் பெயரை அவள் பார்க்கவில்லை. டாக்டர் பதினொன்றைத் திறந்தபோது அங்கே தடை எதுவும் இல்லை. அதே மருந்தை எழுதினார். ஊசி போட்ட அரை மணிக்குள் எல்லாம் முடிந்தது.

கணினியின் பதிவுகளைப் பார்த்த பூட்டு குழம்பினார். தலைமை நர்சின் பெயரில் அந்தத் திரை ஆறு மணி நேரம் பூட்டாமல் இருந்திருக்கிறது. மவுஸ் ஓயாமல் அசைந்திருக்கிறது. வார்டுக்குப் போய் மவுசைத் தூக்கினார். அடியில் ஒரு கைக்கடிகாரம். நொடிமுள்ளின் ஓட்டத்தை யாரோ மவுசை நகர்த்துவதாகக் கணினி நம்பிக்கொண்டிருந்தது.

தலைமை நர்சின் மணிக்கட்டில் கடிகார வார் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"நான்தான் வெச்சேன் தம்பி. சின்னப் பொண்ணை இதுல இழுக்காத."

மறுநாள் விசாரணை. திரை பூட்டியிருந்தால், திறக்கும்போது எந்த நோயாளி என்று கணினி கேட்டிருக்கும், தச்சர் பிழைத்திருப்பார். அந்த அம்மாளின் இருபத்தாறு வருட வேலை போவதற்குக் கடிகாரம் ஒன்றே போதும். கடிதங்களுக்கு அவரிடம் நகல் இல்லை. அவை பூட்டின் மேசை இழுப்பறையில் மட்டுமே இருந்தன.

"சும்மா கெடக்குற சங்கை ஏன் ஊதணும்? உங்களை யாராவது கேட்டாங்களா?" என்றாள் மனைவி.

"கேக்கலை. அதான் உறுத்துது."

விசாரணையில் கடிகாரத்தையும் கடிதங்களையும் சேர்த்தே வைத்தார். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கடிதங்களைப் பூட்டின் பக்கமே தள்ளினார்.

"இது எதுக்குய்யா?"

"இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா அந்தக் கடிகாரம் வந்திருக்காது சார். வாசலை அடைச்சது நான். சுவரேறிக் குதிச்சதுக்கு அவங்களை மட்டும் புடிக்கிறோம்."

"அப்போ உன் பேரையும் எழுதிக்கவா?"

"எழுதுங்க சார்."

அவர் எழுதவில்லை. ஒருவர் தவறினால் அது அவருடைய தவறு. இரண்டு பேர் என்றால் மருத்துவமனையின் தவறாகிவிடும். அன்றே தலைமை நர்சுக்கு வேலை போனது. வராந்தாவில் தச்சரின் மனைவி அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமை நர்சும் பூட்டும் அவளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது.

கண்காணிப்பாளர் கையெழுத்தில்லாமல் அந்த இரண்டு நிமிடத்தை மாற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. மறுவாரம் பூட்டு மற்ற ஐந்து வார்டுகளிலும் மவுசைத் தூக்கிப் பார்த்தார். மூன்றில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து உரியவர்களிடம் கொடுத்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அறைக்கு வந்து, அட்டை காட்டித் திறக்கும் வசதி கேட்டு, தச்சர் செத்த விதத்தையும் விளக்கி, கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதினார்.

நான்காம் நாள் பதில் வந்தது. பாதுகாப்பில் சமரசம் இல்லை.

கோப்பிலிருந்து அவருடைய வரியையே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதை இழுப்பறையில் தலைமை நர்சின் மூன்று கடிதங்களுக்கு மேலே வைத்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்து இரண்டாவது கடிதத்தைத் தொடங்கினார்.