பொன், பிறகு ழூர்

ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல்லை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. என் மகளின் வருங்கால மாமியார் பிரான்ஸ்காரர். இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்தவர், கம்பளையில் என் மகளோடு தங்கியிருக்கிறார். முதல் வணக்கத்திலேயே சம்பந்தம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், கண்டியிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் அந்த வணக்கத்தை இரண்டாக உடைத்து முணுமுணுக்கிறேன்.

"பொன். ழூர்."

கையிலிருக்கும் பிரெஞ்சு கற்கும் புத்தகத்தில் ழகரம்தான் போட்டிருக்கிறது. நானும் தமிழுக்குச் செய்வதைப் போலவே நாக்கை மடிக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் கம்பளை வியாபாரி கவலையோடு திரும்புகிறார். "பொன்னூரா? அப்பிடி ஒரு ஊரு இந்தப் பக்கம் இல்லியே. இது கம்பள பஸ்."

விஷயத்தைச் சொல்கிறேன்.

"சம்பந்திக்கா? பேசாம சிரிச்சிட்டு இருங்க. என்ட சம்பந்தியோட தமிழ்ல பேசியே ஒண்டும் சரிவரல்ல."

நல்ல யோசனைதான். ஆனால் கம்பளையில் அந்த அம்மாள் கை நீட்டியதும், பதற்றத்தில் இரண்டு அசைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் முகம் மலர்ந்து மகளிடம் ஏதோ சொல்கிறார். எனக்கு உயிர் திரும்புகிறது.

பிறகு தனியாக இருக்கும்போது மகள் சொல்கிறாள்: "தமிழ் கேக்குறதுக்கு ரொம்ப இனிமையா இருக்குன்னு சொன்னாங்கப்பா."