மெஷினை மாத்திட்டாரு

அற்புதம்மாள் டீச்சர் எந்தப் பொருளையும் மேலோட்டமாகப் பார்த்து வாங்கியதில்லை. மண்ணச்சநல்லூர் அரிசி என்று மூட்டையை இறக்கினால், முழங்கை வரை கையை விட்டு அடியிலிருக்கும் அரிசியை எடுத்துப் பார்ப்பார். பால்காரர் அவர் வாசலில் மட்டும், கேட்பதற்கு முன்பே பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிடுவார். "என்னையும் தட்டிப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டா" என்பார் கணவர் சவரிராயன்.

வீடு பாலக்கரையில். வேலை ஸ்ரீரங்கத்தில், ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. இடது கையில் அப்பா விட்டுப்போன கைக்கடிகாரம். காலை ஜெபம் முடிந்ததும் சாவி கொடுப்பார். திருகு இறுகுவது விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்.

எண்பத்து மூன்றாம் வருடம் அது நின்று நின்று ஓடத் தொடங்கியது. ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் ரங்கசாமியின் வளையல் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி போட்டுக் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த ராமரிடம் கொடுத்தார். ராமர் மெஷினைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்துப் பூட்டினார். வாங்க வந்தபோது டீச்சர் பின்மூடியைத் திறக்கச் சொன்னார். சக்கரங்களும் சிவப்புக் கற்களும் மின்னின.

"இவ்வளவு புதுசா இருந்ததில்லையே."

"கழுவினா பளிச்சுன்னுதானே டீச்சர் இருக்கும்."

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதாக டீச்சருக்குப் பட்டது.

அன்றிலிருந்து கடிகாரம் கண்காணிப்பில் இருந்தது. ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் மணியொலியோடு காலையும் மாலையும் ஒத்துப் பார்ப்பார். இரவில் அதைக் கழற்றி ரேடியோவின் மேலேயே வைப்பார். விடிந்ததும் முதல் வேலை சரிபார்ப்பதுதானே. சில நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு முந்தத் தொடங்கியது. முந்த முந்த, அடிக்கடி கழற்றி ரேடியோவோடு ஒத்துப் பார்த்தார். அது இன்னும் முந்தியது. மணி அடிக்குமுன் வகுப்புக்குள் போய், நேரத்துக்கு வந்த பிள்ளைகளை ஏன் தாமதம் என்று கேட்டார்.

ராமர் வேகத்தைக் குறைக்கும் சிறு முள்ளைத் தள்ளி வைத்துப் பார்த்தார். மறுபடியும் முந்தியது.

"வீட்ல வேற யாரும் சாவி குடுக்குறாங்களா டீச்சர்? எனக்கென்னமோ அதுதான் சந்தேகம்."

"சந்தேகப்பட வேண்டியது நான். அப்பா காலத்து மெஷின் இது இல்லை. மாத்திட்டீங்க."

வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கசாமி எழுந்து வந்தார். "டீச்சர் சும்மா சொல்லமாட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க மெஷின் வரணும் ராமர். இல்லன்னா பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு." ராமருக்கு அந்தப் பெட்டியைப் போட வேறு வாசல் கிடையாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும், டீச்சருக்கும்.

வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் காந்தப் பாடம். மேசையில் திசைகாட்டியை வைத்து, "பாருங்க, முள்ளு வடக்கு பாத்து நிக்கும்" என்றார் டீச்சர். முள் அவர் மணிக்கட்டைப் பார்த்து நின்றது. கையை நகர்த்தினார், முள்ளும் பின்னால் வந்தது. கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார். முள் வடக்கே திரும்பியது.

ரேடியோவின் ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காந்தத்தை அவரே கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் திசைகாட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். ராமர் இடுக்கிகளைத் துணியில் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வேகமா ஓடுறதுக்கு இவரு காரணமில்லைங்க. என் வீட்டு ரேடியோ" என்றார் டீச்சர், ரங்கசாமியிடம்.

"அப்ப மெஷினை மாத்தலையா?"

"அது எனக்குத் தெரியாது. வேகத்துக்குக் காரணம் இதுதான்னு தெரியும்."

ரங்கசாமி ராமரை ஒரு பார்வை பார்த்தார். "இவன் உங்க வீட்டுக்கு வந்து அழுதானா டீச்சர்?"

டீச்சர் திசைகாட்டியைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து, கடிகாரத்தை அருகே கொண்டுபோனார். முள் திரும்பியது. ரங்கசாமிக்கு அது போதவில்லை. கடிகாரத்தை வாங்கி ஒரு கையில் ஒளித்து, இரண்டு மூடிய கைகளையும் மாறி மாறி நீட்டினார். கடிகாரம் இருந்த கைக்கு மட்டும் முள் ஆடியது.

ராமர் மூட்டையை அவிழ்த்து இடுக்கியை எடுத்தார். மெஷினைக் கூட்டிலிருந்து எடுத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிப் பார்த்துவிட்டு டீச்சரிடமும் கொடுத்தார். தலைமுடி போன்ற ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் இரண்டு காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. விரிந்து சுருங்க வேண்டியது பாதியிலேயே திரும்பியதில், பேலன்ஸ் சக்கரம் அவசரமாக ஆடியது.

"இதை மொதல்லயே நீங்க பாத்திருக்கலாம்" என்றார் டீச்சர்.

"பாத்திருக்கணும். நீங்க வந்து நின்னாலே அவசர அவசரமா மூடிடுறேன்."

ரங்கசாமி உள்ளே நகர்ந்தார். "சரி, பெட்டி இருக்கட்டும்."

"காந்தம் எடுக்குற காயில் பெரிய கடை வீதியிலதான் இருக்கு. நான் போய்ட்டு வரேன், நாளைக்கு வாங்கிக்கங்க" என்றார் ராமர்.

"நானும் வரேன்."

"நெனச்சேன்."

கூடு டீச்சரின் கைப்பையில். மெஷின் ஒரு சின்னத் தகர டப்பாவில், அதிராமல் ராமர் கையில். பஸ்ஸில் நல்ல கூட்டம். டீச்சருக்கு முன்னால் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. ராமர் பின் படிக்கட்டுப் பக்கம் நின்றார். காவேரிப் பாலத்தில் ஏறியதும் டீச்சர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். தலைகளுக்கு மேலே ராமரின் கை டப்பாவைத் தூக்கிக் காட்டியது. டீச்சர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாலம் முடியுமிடத்தில் மறுபடி திரும்பினார். ராமர் கையை இறக்கவே இல்லை.