ஓடாத ஆட்டோகிளேவுக்கு நான் போட்ட கையெழுத்து

1. போன்

ஆஸ்பத்திரி டாக்டரம்மா நேராக என் செல்லுக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் டெங்கு விஷயமாக இருக்கும். அன்று காலையும் அப்படி நினைத்துத்தான் எடுத்தேன்.

"சார், மலையடிவாரத்துல புதுசா ஒரு டாட்டூ கடை வந்திருக்கே, அதுக்கு சுகாதாரச் சான்று குடுத்தது நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"பத்தொன்பது வயசுப் பொண்ணு. நர்சிங் சேர்றதுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்காங்க. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். ரெண்டு மாசம் முன்னாடி அந்தக் கடையில கையில டாட்டூ போட்டிருக்கா. அம்மாவும் பொண்ணும் என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க."

நான் அப்போது திருத்தணியில் சுகாதார ஆய்வாளர். சலூன், பியூட்டி பார்லர், காது குத்தும் இடம், டாட்டூ கடை என்று உடம்பில் பிளேடோ ஊசியோ படுகிற தொழில் எதற்கு விண்ணப்பம் வந்தாலும், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. கை கழுவக் குழாய் இருக்கிறதா, ஆளுக்கொரு புது பிளேடு போடுகிறார்களா, ரத்தம் பட்ட ஊசியைப் போட மூடிய டப்பா வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். கிருத்திகைக் கூட்டத்தில் மொட்டை போடும் இடத்தில் நின்று, ஒவ்வொரு தலைக்கும் பிளேடு மாறுகிறதா என்று மணிக்கணக்கில் கவனித்தவன். கறாரான ஆள் என்று ஊரில் பெயர். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த டாட்டூ கடையில் மட்டும் ஒன்றை நான் பார்க்கவில்லை.

டாட்டூ போடும் ஊசியை ஒருவருக்குப் போட்டதும் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஊசியைப் பிடித்திருக்கும் ஸ்டீல் கிரிப்பை எறிவதில்லை. அதைக் கழுவி, ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் கிருமி நீக்கி, அடுத்தவருக்குப் பயன்படுத்துவார்கள். ஆட்டோகிளேவ் என்பது பெரிய பிரஷர் குக்கர் மாதிரிதான். பிரஷர் ஏறினால்தான், ரத்தத்தில் பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் மாதிரிக் கிருமிகள் சாகும்.

நான் ஆய்வுக்குப் போன நாள் கடையில் கரண்ட் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். அன்றே இன்னும் ஏழெட்டு இடம் பார்க்க வேண்டியிருந்தது. "கரண்ட் வந்ததும் ஓட்டிக் காட்றேன் சார்" என்றான் கடைக்காரன் டேனியல். இடம் பளிச்சென்று இருந்தது. ஊசி எல்லாம் சீல் பிரிக்காத பாக்கெட்டில் இருந்தது. ஆள் நாணயமானவன் என்று முகத்தைப் பார்த்தே முடிவு கட்டி, "ஆட்டோகிளேவ் நன்கு இயங்குகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2. டேப்

போனை வைத்ததும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பரேஷன் தியேட்டர் சிஸ்டரிடம் இண்டிகேட்டர் டேப் ஒரு முழம் வாங்கிக்கொண்டேன். ஆட்டோகிளேவ் சரியாக ஓடினால் அந்த டேப்பில் உள்ள வெளிர்க் கோடுகள் கறுப்பாக மாறும்.

கடையின் முன்பகுதி டேனியலின் மனைவி மெர்சி நடத்தும் பியூட்டி பார்லர். திரைக்குப் பின்னால் டாட்டூ. இருவரும் அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர்கள். நான் போனபோது மெர்சி ஒரு அம்மாவுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். டேனியல் திரையை விலக்கிக்கொண்டு வந்தான்.

"ஆட்டோகிளேவை இப்ப ஓட்டுப்பா."

"இன்னா சார் திடீர்னு?"

"ஓட்டு, சொல்றேன்."

ஒரு கிரிப்பைப் பையில் போட்டு, மேலே டேப்பை ஒட்டி உள்ளே வைத்தோம். விளக்கு எரிந்தது. பத்து நிமிடத்தில் மூடியின் ஓரமாகப் புஸ்ஸென்று ஆவி கசிய ஆரம்பித்தது. பிரஷர் முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. நேரம் முடிந்து திறந்தபோது கோடுகள் டீக்கறை நிறத்தில் இருந்தன.

"டேப் ஒட்டிப் பாத்ததே இல்லியா நீ?"

"இல்ல சார். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. லைட்டு எரியுது, சூடாவுது... ஓடுதுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

மூடியின் ரப்பர் காஸ்கெட் வெடித்துப் போயிருந்தது. கடை திறந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அப்புறம்தான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். டேனியல் கஸ்டமர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கடையை மூடச் சொன்னேன். அவனே எழுந்துபோய்ப் பெயர்ப்பலகை விளக்கை அணைத்தான்.

3. நாற்பத்து மூன்று பேர்

டாட்டூ போட வருகிறவர்களிடம் பெயர், வயது, போன் நம்பர் எழுதி ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். அதை டேனியல் ஒழுங்காகச் செய்திருந்தான். கடை திறந்ததிலிருந்து, அந்தப் பெண்ணைத் தவிர, நாற்பத்து மூன்று பேர்.

எல்லோரையும் வரவழையுங்கள் என்றார் டாக்டரம்மா. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை, அன்றைக்கே முதல் தடுப்பூசி, ஆறு மாதம் கழித்துக் கடைசி ஊசியோடு மறுபடி ஒரு பரிசோதனை.

மதியம் என் மேலதிகாரியிடம் போய், இயந்திரம் ஓடுவதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். என் அறிக்கையை வாங்கிப் புரட்டினார்.

"எழுத்துல குடுத்துடு. அது அப்புறம். மொதல்ல ஆளுங்களப் புடி."

பார்லரில் உட்கார்ந்து மூன்று பேரும் போன் போட்டோம். பெண்களுக்கு மெர்சி பேசினார். மலைக்கு வந்த இடத்தில் கையில் வேல் படம் டாட்டூ போட்டுக்கொண்டு போன ஆந்திராக்காரர்களுக்கு டேனியல் தெலுங்கில் பேசினான். "ஊசி புதுசுதாங்க. மிஷின்ல பழுது இருந்தது எனக்குத் தெரியல. தப்பு எங்க கடை மேலதான்" என்று ஒவ்வொருவரிடமும் அவனே சொன்னான். திட்டு வாங்கினான். வாங்கிக்கொண்டு அடுத்த நம்பரைப் போட்டான். அம்மையார்குப்பத்தில் ஒருவர், "தறி ஓடிகினு கீது, சத்தமா பேசு" என்றார். ஹெபடைடிஸ் என்று சத்தமாகச் சொன்னதும் தறியை நிறுத்திவிட்டார்.

பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் மட்டும் வரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டார். பைக்கில் நேரில் போனேன். அறுபது வயதிருக்கும். மடையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். முன்கையின் உட்புறத்தில் "சரோஜா" என்று பச்சை எழுத்து.

"யாருங்க இவங்க?"

"என் சம்சாரம். சித்திரையில தவறிட்டா." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "ஆஸ்பத்திரிக்கு வந்தா பேரை அழிச்சிடுவீங்களாமே?"

"யாரு சொன்னா? பேரைத் தொடவே மாட்டோம். இன்னொரு கையில ரத்தம் எடுக்கிறோம், அவ்ளோதான்."

"ஆங், அப்ப வர்றேன்."

கை கால் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டி, என் பைக்கிலேயே பின்னால் ஏறிக்கொண்டார்.

4. முடிவு

நான்கு நாட்களில் நாற்பத்து மூன்று பேரும் வந்தார்கள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது தும்மினால்கூட நம் பட்டியலில் இருக்கிற ஆளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

கடைசி ரிப்போர்ட் வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"எல்லாம் நெகட்டிவ் சார். அப்புறம் அந்தப் பொண்ணோட ரத்தத்துல இன்னொரு டெஸ்ட் பண்ணச் சொல்லி அனுப்பியிருந்தேன். இது ரெண்டு மாசத்து தொற்று இல்ல. பழசு. சின்னதுலேந்தே இருக்கு. அம்மாவையும் டெஸ்ட் பண்ணேன். அவங்களுக்கும் இருக்கு. பிரசவத்துல வந்திருக்கணும்."

முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொல்லித் திரும்பினால் வாசலில் அந்தப் பெண்ணோடு அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்ட அதே செய்தி, அவருக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது.

"நான் குடுத்ததா மேடம் அவளுக்கு?" என்று கேட்டார்.

டாக்டரம்மா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்க குடுக்கலம்மா. உங்களுக்கே தெரியாம இருந்திருக்கு. ரெண்டு பேருக்கும் ஈரல் நல்லா இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க. இப்பவே தெரிஞ்சது நல்லதுதான். உங்க சின்னப் பையனுக்கு டெஸ்ட்ல எதுவும் இல்ல, அவனுக்கு ஊசி போட்டாச்சு."

"இவ படிக்கலாமா?"

"தாராளமா. காலேஜுக்கு நானே லெட்டர் எழுதித் தர்றேன்."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அப்போதுதான் அழுதாள். அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, "அதான் படிக்கலாம்னு சொல்லிட்டாங்கல்ல" என்றார். லெட்டரை வாங்கிக்கொண்டு இருவரும் பேருந்துக்குக் கிளம்பினார்கள். அந்த ஆண்டே அவள் சேர்ந்துவிட்டாள்.

எனக்கு மெமோ வந்தது. நியாயமான மெமோ. டேனியல் புது ஆட்டோகிளேவ் வாங்கினான். டேப் கறுத்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் கடையைத் திறக்க விட்டேன். ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையிலும் நாற்பத்து மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை. அன்று ஆஸ்பத்திரி வாசலில் டேனியல் கேட்டான்.

"சார், என்னால யாருக்கும் எதுவும் ஆகல இல்ல?"

"ஆகல டேனியல். ஆகியிருந்தா உன்னால மட்டும் இல்ல, என்னாலயும்தான்."

இருவரும் எதிர்க்கடையில் டீ குடித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு டீ ருசித்தது.

அந்த நாற்பத்து மூன்று பேரும் நன்றாக இருந்ததற்கு என் திறமை காரணமில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு அதே கிரிப்பில் போட்டுக்கொண்டவர்களுக்கும் தொற்றாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஆய்வுக்குப் போகும்போது கரண்ட் இல்லையென்றால், படிவத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். மறுநாள் இன்னொருமுறை போங்கள். அப்படி எழுதியதற்காக யாருக்கும் மெமோ வந்ததை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.