பாய்லர் பக்கத்தில் நின்ற முனியாண்டி

என் மனைவியின் அண்ணனோடு நான் பேசி ஒரு வருடம் ஆகப்போகிறது. உறவுக்காரர்கள் கேட்டால் "ஒன்னும் இல்ல லா" என்று சொல்லி வைக்கிறேன். ஒன்றும் இல்லாமல் இல்லை.

நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம் சிம்பாங் அம்பாட் பக்கம் இருந்தது. அங்கிருந்த முனியாண்டிக்கு முகம் கிடையாது. ரப்பர் ஆலை பாய்லரில் எரியும் விறகைக் கிளற ஒரு நீள இரும்பு இருக்கும், நுனியில் மூன்று முள். அதைத்தான் அந்தக் காலத்து ஆட்கள் மரத்தடியில் நட்டு, முள்ளில் எலுமிச்சம்பழம் குத்தி, சாமியாகக் கும்பிட்டார்கள். பாய்லர் வெடித்தும் ஓர் உயிர்கூடப் போகாத நாளில் நட்டதாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகை அதன் காலடிக்குத்தான். இரண்டாவது, தாய்மாமனுக்கு.

கம்பெனி தோட்டத்தை விற்றபோது கோயிலுக்கு ரோட்டோரம் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. மச்சான்தான் கோயில் தலைவர். இந்தியாவிலிருந்து மீசை வைத்த கற்சிலை தருவித்தார். பழைய சாமி எங்கே என்று கேட்டேன்.

"ஐயர்கிட்ட கேட்டு முறையா உம்பாய் கடல்ல விட்டாச்சு மாப்ள," என்றார்.

நம்பினேன். ஆறு வருடம், ஒவ்வோர் ஆடியிலும் உம்பாய்க்குப் போனேன். மீன் சாப்பிட வந்த கூட்டம் பார்க்க, முழங்கால் தண்ணீரில் நின்று கடலுக்குக் கற்பூரம் காட்டினேன்.

போன கார்த்திகையில் மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டார். வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம், பழைய நீராவி இயந்திரங்களை வைத்திருக்கும் காட்சியகம். "நம்ம தோட்டத்துச் சாமான்லாம் அங்க இருக்கு, என் பேர்கூடப் போட்டிருக்கான்," என்றார். மாலையில் திரும்பியதும் உம்பாய் கடலில் முதல் பத்திரிகை, பிறகு மச்சான் வீட்டில் தட்டோடு இரண்டாவது என்று திட்டம். இரண்டையும் மஞ்சள் தடவி மனைவி பையில் வைத்திருந்தாள்.

உள்ளே நல்ல குளிர். ஈயம் தோண்டும் லம்பத்தில் ஓடிய எஞ்சின், அரிசி ஆலை எஞ்சின், ஆளை விட உயரமான சக்கரங்கள், பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு சின்ன ரயில் எஞ்சின். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆலைச் சங்கு ஊதியது. மச்சான் அதை நான்கு தடவை அழுத்தினார். தினமும் காலையில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து வேலைக்கு ஓடியவர்கள் நாங்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

மூலையில் எங்கள் ஆலை பாய்லரின் இரும்புக் கதவு. அதன் பக்கத்தில், கயிறு கட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம், சுவரில் சாய்த்து அது நின்றது. கறுப்பு பாலிஷ் போட்டிருந்தார்கள். சந்தனமும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் போன இடம் தெரியவில்லை. ஆனால் மாலை கட்ட நடு முள்ளில் பற்றவைத்த வளையம் அப்படியே இருந்தது. அதைப் பற்றவைத்தபோது பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கீழே மலாயில் எழுதியிருந்தது: பாய்லர் நெருப்பு முள், அன்பளிப்பு. அதற்குப் பக்கத்தில் மச்சானின் பெயர்.

செருப்பைக் கழற்றினேன்.

"என்னா மாப்ள, கால் வலிக்குதா?"

"இது கடல்ல இல்லியா மச்சான்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். எதையும் மறைக்கும் முகம் இல்லை அது. என்னிடம் சொன்ன பொய்யே அவருக்கு மறந்துபோயிருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

"ஓ, இதுவா," என்றார். "மியூசியத்துக்காரன் கேட்டான், குடுத்தேன். பழைய இரும்பு லா மாப்ள. என்னா எழுதியிருக்குன்னு படிச்சுப் பாரு. நெருப்பு முள்ளு. பொய்யா?"

"ஆறு வருசமா நான் தண்ணியில நின்னு கும்பிட்டனே."

"கடல்ல நின்னா ஒடம்புக்கு நல்லதுதான."

கூட வந்த அவர் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் மனைவி பையிலிருந்து முதல் பத்திரிகையை எடுத்தேன். கயிற்றைத் தாண்டி அதன் அடியில் வைத்து, இடுப்பில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து நடு முள்ளில் பூசினேன். காவலுக்கு இருந்த மலாய்ப் பெண் ஓடி வந்து, "பாக்சிக், ஜாங்ஙான் பெகாங்," என்றாள். ஐயா, தொடாதீர்கள் என்று பணிவாகத்தான் சொன்னாள். இது எங்கள் கோயில் சாமி, திரும்ப வேண்டும் என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில். கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்தால் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றாள்.

மச்சான் பக்கம் திரும்பினேன். "கையெழுத்துப் போடுங்க."

"என் பேரு போட்ட சாமான நானே புடுங்கிக்கிட்டுப் போறதா? ஊரு என்னா சொல்லும்? உனக்குப் பைத்தியம் மாப்ள."

"சாமிக்கு வச்சிட்டேன். அடுத்தது உங்களுக்கு. கையெழுத்துப் போட்டாத்தான் பத்திரிகை."

"தாய்மாமன் இல்லாம மணவறை ஏத்திடுவியா நீ? ஏத்திக் காட்டு, பாப்போம்."

மனைவி என் கையைப் பிடித்தாள். "வேணாங்க. எங்கண்ணங்க." அவள் கெஞ்சியது காதில் விழுந்தது. விழுந்தும் இரண்டாவது பத்திரிகையை எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில், அலோர் காஜாவில் என்னை இறக்கிவிடச் சொல்லி பஸ் பிடித்தேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. நான் பத்திரிகை கொடுக்கவில்லை. தையில், சுங்கை ஊடாங்கில் வேலை செய்யும் மனைவியின் சித்தப்பா மகன் மாமன் முறைக்கு நின்று மாலை போட்டான். தாலி ஏறும்போது மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி அன்றிலிருந்து சோற்றைத் தட்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான் செய்தது சரி என்று எழுத வரவில்லை. திருநீறு பூசும்போதெல்லாம் அவரை மன்னிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

மாதம் ஒருமுறை அந்தக் காட்சியகத்துக்குப் போகிறேன். பஸ் இரண்டு மாறவேண்டும். அந்த மலாய்ப் பெண் இப்போதெல்லாம் என்னைத் தடுப்பதில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, நான் செருப்பைக் கழற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.